சுவரைத் தள்ளிய மருமகள்

என் கட்டைவிரலைப் பின்பக்கம் மடக்கினால் அது முன்கையில் போய்ப் படுத்துக்கொள்ளும். முழங்கை எல்லாருக்கும் மடங்குகிற பக்கம் மடங்குவதோடு நிற்காமல், எதிர்ப்பக்கமும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். ஐம்பதுகளில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்த எங்கள் குடும்பத்துக்கு இது பெரிய சொத்து. விருந்தாளி வந்தால் முதலில் காப்பி, அடுத்தது நான். "அந்த விரலை மடக்கிக் காட்டு புள்ள" என்பார் அப்பா. நான் மடக்குவேன். "அடேயப்பா, எலும்பே இல்ல போலருக்கே!" என்று வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். வலிக்கிறதா என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். வலிக்கத்தான் செய்தது. ஆனால் வேடிக்கை காட்டுகிறவளுக்கு வலி எதற்கு?

வளர வளர வேடிக்கை போய் வேதனை மட்டும் தங்கியது. நடந்தால் கணுக்கால் பிசகும். வாளியைத் தூக்கினால் தோள்மூட்டு குழியைவிட்டு நழுவும், பிறகு தானாகவே உள்ளே போகும். எங்கள் ஜனங்களுக்கோ உடம்பு வலிக்கு ஒரே காரணம்தான் தெரியும். எங்கேயோ பிடித்துக்கொண்டிருக்கிறது. மருந்தும் ஒன்றே ஒன்று. எண்ணெயைப் போட்டு இழுத்துவிட வேண்டியது. பக்கத்துத் தெருவில் சுளுக்கு எடுக்கும் ஒருவர் இருந்தார். என் கையைப் பிடித்து, தன் காலை என் விலாவில் முட்டுக் கொடுத்து, கிணற்றில் விழுந்த குடத்தை எடுப்பதுபோல் இழுப்பார். 'சடக்' என்று சத்தம் வரும். "கேட்டுச்சா? எடுத்தாச்சு!" என்பார். அப்பாவுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் திருப்தி. எனக்கு அதற்கப்புறம் நான்கு நாளைக்குத் தலை சீவ முடியாது. நான்கு நாள் கழித்தும் வலித்தால் என்ன செய்வார்கள்? திரும்பவும் அவரிடமே கூட்டிப்போவார்கள்.

கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடைவீட்டு மாடிக்குப் போனேன். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. எண்ணெய் போட்டு இழுக்கும் பொறுப்பு அப்பாவிடமிருந்து மாமியார் கைக்கு மாறியது. பிள்ளை பெற்றதும் கேட்கவே வேண்டாம். "பச்சை உடம்பு, எல்லாம் இறுகிப்போயிருக்கும்" என்று தினம் காலையில் மணையில் உட்காரவைத்து, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றி, கையையும் காலையும் பிசைந்து நீட்டி முறித்துவிடுவார். பாவம், அன்பான மனுஷி. இவ்வளவு அன்பை என் மூட்டுகள் தாங்கவில்லை.

முப்பத்தைந்தாவது நாளோ என்னவோ, தூளியில் அழுத என் மகளைக் குனிந்து தூக்கினேன். பாதி தூக்கும்போது வலது தோள் கழன்றது. பிள்ளை என் கையிலிருந்து வழுக்கியது. பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியார் பாய்ந்து பிடித்தார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலமே தோ பாயோவிலிருந்து நாத்தனார் வந்தார்.

நாத்தனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்காரருக்கு அக்கா. கல்யாணமாகிப் பதினைந்து வருஷம், பிள்ளை இல்லை. தோ பாயோவில் அப்போதுதான் கட்டி முடித்த அடுக்குமாடியில் வீடு கிடைத்திருந்தது. பெயிண்ட் வாசனை போகாத வீடு, குழாயைத் திறந்தால் தண்ணீர், தொட்டில் கட்ட ஒரு தனி அறை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நல்லவர், அதுதான் சங்கடம்.

"உன் கை சரியாகுற வரைக்கும் நான் பாத்துக்கிறேன்மா. நீ கவலைப்படாம ரெஸ்ட் எடு" என்றார்.

கை சரியாகிற வரைக்கும். எவ்வளவு நியாயமான பேச்சு! பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். நான் நன்றி வேறு சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து, அடுப்படியில் மாமியார் தன் மகனிடம் பேசியது காதில் விழுந்தது. "அந்தப் புள்ள அங்கயே வளரட்டும்டா. மொதப் பொறந்தநாள் அன்னிக்கு நல்ல நேரம் பாத்து, முறையா அவ மடியில வெச்சுக் குடுத்துருவோம். இவளால தூக்கவும் முடியல, வளக்கவும் முடியாது. இவ வேணும்னா இன்னொண்ணு பெத்துக்கட்டும்." கூடப்பிறந்தவன் பிள்ளையை மடியில் வாங்கி வளர்ப்பது எங்களில் புதிதல்ல. என் வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? ஒன்றும் சொல்லவில்லை. மனுஷன் கோப்பில் கையெழுத்துப் போடும் முன்கூட அரைமணி நேரம் யோசிப்பவர்.

கூடத்துக்கு அவர்கள் வந்ததும் கேட்டுவிட்டேன். "அத்தை, நான் தூக்கிட்டேன்னா?"

"தூக்கு, பாக்கலாம்" என்றார் மாமியார்.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என் விரலை மடக்கிப் பார்த்து, இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் மூன்றாமவரைக் கூப்பிட்டார். சரி, இங்கேயும் விருந்தாளிகள்தான் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் எதையோ எழுதி, உடற்பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவள் யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள். வெள்ளைச் சட்டை, சிரிப்பே கிடையாது. என் தோளைத் தொட்டாள், மெதுவாக அசைத்தாள், கையை எடுத்துவிட்டாள்.

"உங்கட தோள் இறுகேல்லை. இறுக்கமே இல்லாததுதான் உங்கட வருத்தத்துக்குக் காரணம். இதைப் போய் இழுத்தவை ஆர்?"

"யார் இழுக்கலன்னு கேளுங்க" என்றேன்.

"பிள்ளைப்பேறு நேரம் எல்லாருக்கும் மூட்டு கொஞ்சம் இளகும். உங்களுக்கு ஏற்கெனவே இளகினது. இனி எண்ணெய் வேண்டாம், இழுவை வேண்டாம். உந்த விரல் வித்தையும் ஒருத்தருக்கும் காட்டக் கூடாது. விளங்குதோ?"

இருபத்து மூன்று வருஷத்தில் எனக்குச் சரியான வைத்தியம் சொன்ன முதல் ஆள். அங்கேயே அழுதுவிட்டேன். அவள் கண்ணைத் துடைக்க ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டி, அழுது முடித்ததும் சுவர்ப்பக்கம் வரச் சொன்னாள்.

வைத்தியம் இவ்வளவுதான்: சுவரோரம் நின்று, முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்து, முஷ்டியால் சுவரை அழுத்த வேண்டும். கை நகரக் கூடாது. பத்து எண்ண வேண்டும். விட வேண்டும். மறுபடி அழுத்த வேண்டும். முன்பக்கம், பக்கவாட்டு, முதுகைக் காட்டி நின்று பின்பக்கம். கையை நீட்டும்போது நேரான இடத்தோடு நிறுத்த வேண்டும். "அதுக்கு அங்கால போகாதேங்கோ" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். மூட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டிய நார் எனக்குத் தொளதொளவென்று இருக்கிறதாம். அதன் வேலையைச் சுற்றியிருக்கும் சதைதான் செய்யவேண்டுமாம். சதை ஒரு நாளில் கற்றுக்கொள்ளாதாம்.

வீட்டில் இதற்குக் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள். எண்ணெய் இல்லை, மாத்திரை இல்லை, சடக் இல்லை. இதெல்லாம் ஒரு வைத்தியமா? "காலையிலேருந்து செவுத்தைத் தள்ளிக்கிட்டு நிக்கிறா" என்று மாமியார் கீழ்க்கடைக்காரர் மனைவியிடம் முறையிட்டார். அந்த அம்மாள் மேலே ஏறிவந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு, விழாதுக்கா" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரரும் வாயைத் திறந்தார். "கொஞ்சம் மெதுவா தள்ளு லா. வீட்டுச் சொந்தக்காரன் கேட்டா என்ன சொல்றது?" சுவருக்காகப் பரிந்து பேச அவருக்கு வாய் இருந்தது.

மூன்றாம் மாதம் யாழ்ப்பாணத்துப் பெண் எடை தூக்கச் சொன்னாள். பால்மாவுத் தகர டின்னில் அரிசியைக் கொட்டி, துண்டில் சுற்றி, மார்போடு அணைத்து எழ வேண்டும். குனிவதற்குப் பதில் முழங்காலை மடக்க வேண்டும். முழங்கையை முழுசாக நீட்டவே கூடாது. ஐந்து ராத்தலில் ஆரம்பித்தேன். தினம் ஒரு பிடி அரிசி கூடும். கூடத்தில் அரிசி டின்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு நான் நடப்பதைப் பார்த்து மாமியார் திருநீற்றை எடுத்துவந்து என் நெற்றியில் பூசினார்.

ஆனால் ஒன்று. அரிசிக்கு நான் கூட்டினால்தான் எடை கூடும். என் மகளுக்கு நாத்தனார் கூட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கப் போவேன். நான் பத்து ராத்தல் தூக்கிப் பழகி முடிப்பதற்குள் அவள் பதினாலு ராத்தல். நான் பதினாலைத் தொட்டால் அவள் பதினேழு. "நல்லா சாப்புடுறா" என்று நாத்தனார் பூரித்துப்போவார். "ரொம்ப சந்தோஷம் அண்ணி" என்பேன். கொஞ்சம் கம்மியாகத்தான் ஊட்டினால் என்ன என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வேன். பெற்ற பிள்ளை மெலியக்கூடாதா என்று ஏங்கிய ஒரே தாய் நானாகத்தான் இருப்பேன்.

இடையில் இரண்டு தடவை தோள் நழுவியது. யாழ்ப்பாணத்துக்காரி பதறவில்லை. டின்னைப் பாதியாகக் குறைத்து, "முதலில இருந்து தொடங்குங்கோ" என்றாள். தொடங்கினேன். வேறு என்ன வழி?

முதல் பிறந்தநாள் வந்தது. தோ பாயோ வீட்டில் கேசரி, வடை, பலூன். நல்ல நேரம் பதினொன்றரைக்கு. மணை போட்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, நாத்தனார் புதுப் பட்டுச்சேலையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் எதிரே போய் நின்றேன்.

"அண்ணி, புள்ளய குடுங்க. நான் தூக்குறேன்."

நாத்தனார் மாமியாரைப் பார்த்தார். மாமியார் என் வலக்கையைப் பார்த்தார். நான் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, மகளை மார்போடு அணைத்து, எழுந்தேன். இருபது ராத்தல். தோள் இருந்த இடத்திலேயே இருந்தது.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். பிறகு வீறிட்டு அழுதுகொண்டு இரண்டு கைகளையும் நாத்தனாரை நோக்கி நீட்டி, "ம்மா" என்றாள்.

ஒரு வருஷமாகச் சுவரிடம் காட்டிய பலம் எல்லாம் அந்த ஒரு சொல்லில் போய்விடும்போல் இருந்தது.

"அழுவுது பாரு, கீழ வுட்ரப்போற, குடு" என்று எழுந்தார் மாமியார்.

"விட மாட்டேன் அத்தை."

என்னைத் தடுத்து நிறுத்த நாத்தனாருக்கு ஒரு வார்த்தை போதும். எல்லாரும் அவர் பக்கம்தான். அவர் உள்ளே போனார். புட்டியில் பாலை ஊற்றி, இரண்டு கவுனையும் ஒரு துவாலையையும் பையில் வைத்து, என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். "ஒரு மணி நேரத்துல பசிக்கும். சூடு பாத்துக் குடுக்கணும்" என்றார். முகத்தை எங்கள் பக்கம் திருப்பவில்லை. ஒரு வருஷமாக அவரை மனசுக்குள் எத்தனை விதமாகத் திட்டியிருப்பேன்! அன்று அவர் காலில் விழத் தோன்றியது. கையில் பிள்ளை இருந்ததால் விழவில்லை.

அந்த அடுக்குமாடியில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. மூன்று மாடிப் படிகளையும் அவளைச் சுமந்தபடியே இறங்கினேன். வீட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். பஸ்ஸிலும் அழுகை நிற்கவில்லை. "ம்மா, ம்மா" என்று ஜன்னல் பக்கம் கையை நீட்டி நீட்டி அழுதாள். தோள் வலித்தது, ஆனால் நழுவவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு அம்மாள் பொறுக்க முடியாமல் திரும்பினார்.

"யாரு வீட்டுப் புள்ளம்மா? பாவம், அம்மாவைத் தேடுது பாருங்க."

"ஆமாங்க, தேடுது" என்றேன். சிராங்கூன் சாலை வரும்வரை அவளை மடியைவிட்டு இறக்கவில்லை.