வாத்தியார் கேட்ட நாலு டயர்

எடையக்காவுக்குப் பொய் சொல்ல வராது என்று அந்த டயர் கடைக்கு வருகிற லாரிக்காரர்களே அடித்துச் சொல்வார்கள். இருபத்திரண்டு வருஷமாக அதே கடையில் வேலை. சக்கரத்தை இயந்திரத்தில் மாட்டிச் சுழலவிட்டு, எந்தப் பக்கம் கனம் குறைகிறதோ அங்கே ரிம் ஓரத்தில் ஒரு குட்டி ஈயத் துண்டை ஒட்டுவாள். அதனால்தான் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் எந்தக் காகிதத்தில் தூங்குகிறதோ, யாருக்கும் தெரியாது.

ஒருத்தன் வந்து, "இந்த டயர் இன்னும் ஆறு மாசம் ஓடுமாக்கா?" என்று பல்லைக் காட்டினால், குனிந்து, டயர் முகத்தில் புடைத்திருக்கிற பட்டன்களின் இடுக்கில் விரலை விட்டுத் தேய்மானத்தைப் பார்ப்பாள். "டயர் ஓடும். நீ இருக்க மாட்டே" என்பாள். அவ்வளவுதான், வந்தவன் வாயை மூடிக்கொண்டு டயரை மாற்றிவிடுவான். முதலாளி எப்படியாவது தள்ளிவிடச் சொன்ன பழைய சரக்கை, முதலாளி எதிரிலேயே "இது உனக்கு வேணாம் தம்பி" என்று சொன்னவள் அவள். முதலாளிக்கு மூக்கு சிவக்கும். ஆனாலும் அவள் வாய்க்காகவே நாலு பேர் கடை தேடி வந்ததால் மென்று முழுங்கிக்கொள்வார்.

அவள் வீட்டுக்காரரை எல்லோரும் கிளட்ச் வாத்தியார் என்பார்கள். முப்பத்தொரு வருஷம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷன். ஓட்டுகிறவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வாத்தியாருக்கென்று தனியாக வைத்திருக்கிற இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தபடி, நத்தையும் முந்திப்போகிற வேகத்தில் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தவர். சீட்டில் ஏறுமுன் வண்டியைச் சுற்றி நடந்து நாலு டயரையும் பார்க்காத ஆள் யாராக இருந்தாலும், "இன்னிக்குப் பாடம் முடிஞ்சுது, வீட்டுக்குப் போ" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு நீதிபதியையே அப்படி அனுப்பியிருக்கிறார். பாதி ஊருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், தன் ஆசைக்கென்று ஒரு நாள் ஓட்டினதில்லை.

அவர் ஓய்வு பெற்ற மறு வருஷம் கண்ணில் கோளாறு வந்தது. எதிரே இருப்பது தெரியும், ஓரத்தில் இருப்பது தெரியாது. சுரங்கப் பாதைக்குள் நின்று வெளியே பார்க்கிற மாதிரி. அந்தச் சுரங்கமும் மாசத்துக்கு மாசம் குறுகிக்கொண்டே வந்தது. கண் டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்: "இந்தக் கோடை வரைக்கும் ஓட்டலாம். பகல்ல மட்டும். பக்கத்துல ஆள் இருக்கணும். கோடை முடியறப்ப வாங்க, மறுபடி பார்த்துட்டுச் சொல்றேன்."

வெளியே வந்ததும் வாத்தியார் மனைவியிடம் சொன்னார்: "மலைக்குப் போகலாம். நான்தான் ஓட்டுவேன். முப்பத்தெட்டு வளைவு இருக்கு. கடைசி வளைவுல ஒரு தடவையாவது மூணாவது கியர்ல திரும்பிப் பாக்கணும்."

மறுநாளே கடைக்கு வந்து, அடுக்கிவைத்த டயர் மேல் வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு நாலு டயர் வேணும்மா. உசத்தியா."

"இருக்கறதே ஊருக்குள்ள ஓட்ட இன்னும் ரெண்டு வருஷம் உழைக்குமே" என்றாள் எடையக்கா.

"உழைக்கறது யாருக்கு வேணும்? நான் உழைச்சது போதாதா? ரோட்டை விடாம கவ்வற டயரா குடு."

கடையில் டயர் கழற்றி மாட்டுகிற ஜாக்கிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாற்பது வயசு ஆள், ஆனால் வாய் அடங்காது. "வாத்தியாரே, மூணுக்கு மேலயும் கியர் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன்டா. உனக்கு ரிவர்ஸ் கத்துக்குடுத்தப்பவே என் ஆயுசுல பாதி போயிடுச்சு. மீதியாவது நான் ஓட்டிக்கறேன்."

எடையக்கா யாருக்கும் சொல்வதைப் போலவே அவருக்கும் எடுத்துச் சொன்னாள். கெட்டியான ரப்பர் நாள்பட உழைக்கும், ஆனால் வளைவில் வழுக்கப் பார்க்கும். எல்லாப் பருவத்துக்கும் ஆகிற டயர் எதிலும் குறை வைக்காது, எதிலும் அசத்தவும் செய்யாது. கோடைக்கென்றே செய்கிற பெர்ஃபாமன்ஸ் டயர் ஒன்று உண்டு. ரப்பர் மிருது. வெயிலில் காய்ந்த ரோட்டில் பல்லி மாதிரி ஒட்டும். பக்கவாட்டில் விறைப்பாக இருப்பதால் ஸ்டியரிங்கைத் தொட்டதும் வண்டி திரும்பும். ஆனால் ஒவ்வொரு கல்லும் இடுப்பில் வந்து பேசும், சீக்கிரம் தேய்ந்துபோகும், குளிர் வந்தால் உதவாது.

"குளிர் வர்றப்ப எனக்கென்ன வேலை?" என்றார் வாத்தியார். "அதையே எழுது."

அவளும் மனசாரத்தான் எழுதினாள். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கல்யாணமான புதிதில் பார்த்தது.

எழுதிக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். வாத்தியார் தன் பழைய பயிற்சி வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். சக்கரத்துக்குப் பக்கத்தில், பஞ்சர் பார்க்கத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த பிளாஸ்டிக் வாளி இருந்தது. பட்டப்பகல். வாளியோ பளிச்சென்று சிவப்பு. வண்டி நேராக அதன் மேல் ஏறியது.

"என்ன சத்தம்?" என்று கேட்டார் அவர்.

"ஒண்ணுமில்லீங்க. ஏதோ பலகை."

அவர் கையாட்டிவிட்டுப் போனார். அவள் நசுங்கிய வாளியை எடுத்து, யாரும் பார்ப்பதற்குள் பின்பக்கக் குப்பையில் போட்டாள். வாளி இருந்த இடத்தில் நேற்று ஒரு வாடிக்கையாளரின் சின்னப் பெண் குந்தி உட்கார்ந்து தண்ணீரில் விரல் விட்டு விளையாடிக்கொண்டிருந்தது அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. முப்பத்தெட்டு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஓரம் என்று ஒன்று இருக்கிறது.

பத்தாம் நாள் டயர் வந்தது. நாலும் பளபளவென்று இருந்தன, கடைக்கு வந்த தேதி எழுதிய காகிதம் மேலே ஒட்டியிருந்தது. எடையக்கா அதை உள் அறையின் மேல் தட்டில், லாரி டயர்களுக்குப் பின்னால் ஏற்றச் சொன்னாள். "வாத்தியார்கிட்ட நீ வாய் விடாதே. நானே சொல்லிக்கறேன்" என்றாள் ஜாக்கியிடம். ஏதோ பிறந்த நாளுக்கென்று வைத்திருக்கிறாள் போலிருக்கிறது என்று அவன் கண்ணடித்துவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் வாத்தியார் வீட்டு வாசலிலேயே நின்றார். "வந்துதா?"

"இல்லீங்க. அந்த அளவு கம்பெனியிலயே இல்லையாம்."

எவ்வளவு சுலபமாக வந்தது! நாக்கு குழறும், முகம் காட்டிக்கொடுக்கும் என்று பயந்திருந்தாள். ஒன்றுமே ஆகவில்லை. "சரி, வரட்டும்" என்று அவர் உள்ளே போய்விட்டார்.

வேறு யாராக இருந்தாலும் பழைய டயரிலேயே கிளம்பியிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அதைத்தான் சொன்னார். வாத்தியார் அவரை வண்டிக்கு அழைத்துப்போய், டயரின் பக்கவாட்டில் வெடித்திருந்த சின்னச் சின்னக் கீறல்களைத் தடவிக்காட்டினார். "மலைக்கு இது ஆகாது. நான் யாரையாவது இதுல போகச் சொல்லியிருப்பேனா? எனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"அப்ப வேற கடையில கேட்டுப் பாருமய்யா. ஊர்ல இது ஒண்ணுதான் கடையா?"

"என் பொண்டாட்டி இல்லைன்னு சொன்னா இந்த ஊர்லயே இல்லைன்னு அர்த்தம்."

சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த எடையக்காவுக்கு இது காதில் விழுந்தது. குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

ஒவ்வொரு சாயங்காலமும் அவர் கேட்டார். அவளும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அடுத்த வாரமாம். லாரி கிளம்பிடுச்சாம். மாத்தி வேற அளவு அனுப்பிட்டாங்களாம், திருப்பி அனுப்பியாச்சு. அவர் நடுவில் வேறு வேலை பார்த்தார். இரண்டு பேருக்கும் பை எடுத்து வைத்தார். மலை ரோட்டின் படத்தை விரித்து, வளைவு ஒவ்வொன்றுக்கும் எண் போட்டார். பன்னிரண்டாவது வளைவில் ஹாரன், இருபதாவதில் இரண்டாவது கியர் என்று பென்சிலால் எழுதினார். கடைசி வளைவுக்குப் பக்கத்தில் மூணு என்று எழுதி வட்டம் போட்டார். எடையக்கா அதைப் பார்க்காதது போல வீட்டைப் பெருக்கினாள். சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை வாயெடுத்தாள். எடுத்த வாயில் வாளி வந்து நின்றது.

கோடை முடிந்தது. கண் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, நாற்காலியை அவர் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இனிமே ஸ்டியரிங் பக்கம் போக வேணாம்" என்றார்.

இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது வாத்தியார் சிரித்தார். "டயரும் வரல, கண்ணும் போச்சு. யாரைக் கோவிச்சுக்கறது, சொல்லு. விடு." அவர் தோளில் கை வைத்தாள். அவர் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தார். கள்ளி, அப்போதாவது சொல்லியிருக்கலாம். நிம்மதியாக மூச்சு விட்டாள். ஆள் முழுசாக வீட்டில் இருக்கிறார், அது போதும் என்று நினைத்தாள்.

மறுநாள் அவரும் கடைக்குக் கிளம்பினார். "ஆர்டர் போட்டவன் நான். வேணாம்னு நானே சொல்லணும். வர்ற டயரை வேற யாருக்காவது குடுங்கன்னு சொல்லிட்டு வரேன்."

"நான் சொல்லிக்கறேங்க. நீங்க எதுக்கு வெயில்ல?"

"அது மரியாதை இல்லம்மா."

கடையில் முதலாளி இல்லை. ஜாக்கிதான் இருந்தான். வாத்தியார் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் குறுக்கே விழுந்தான். "வர்ற டயரா? என்ன வாத்தியாரே, அது வந்து மேல குடித்தனமே நடத்துது. எப்ப மாட்டலாம்னு அக்கா சொல்லவே..."

அவன் எடையக்காவின் முகத்தைப் பார்த்தான். பாதியில் நிறுத்தினான்.

"இறக்குப்பா" என்றார் வாத்தியார்.

நாலு டயரையும் இறக்கி வைத்தான். வாத்தியார் தரையில் குந்தி, ஒன்றைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார். உள்ளங்கையால் பட்டனைத் தடவினார், பக்கவாட்டைக் கட்டை விரலால் அழுத்தினார். ஒட்டியிருந்த காகிதத்தைக் கண்ணுக்கு நேரே, மூக்கு இடிக்கிற மாதிரி கொண்டுவந்து, தேதியைப் படித்தார். உதடு அசைய எண்ணினார்.

"நாப்பத்து மூணு நாள்" என்றார்.

ஜாக்கி தனக்கு ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வெளியே போனான்.

"நீங்க அன்னிக்கு ஏத்தினது பலகை இல்லீங்க" என்றாள் எடையக்கா. "வாளி. சிவப்பு வாளி. முந்தின நாள் அங்க ஒரு குழந்தை இருந்துச்சு. எனக்குக் கை கால் ஓடல. உங்களை எப்படி மலையேற விடுவேன்?"

"வாளியா?" என்றார் அவர். "அதை அன்னிக்கே சொல்லியிருந்தா நானே சாவியைக் குடுத்திருப்பேனோ என்னவோ. இல்லைன்னா சண்டை போட்டிருப்பேன். ரெண்டாவது பிரேக்கைக் கழட்டாம வச்சிருக்கேன், நீ அதுல காலை வச்சுக்கிட்டு வா, நடக்கற வேகத்துல போகலாம்னு கெஞ்சியிருப்பேன். நீ ஜெயிச்சிருப்பே, இல்ல நான் ஜெயிச்சிருப்பேன். அந்தச் சண்டையையும் சேத்து எடுத்துட்டியேம்மா."

"நீங்க கத்துக்குடுத்த மாதிரியே நான் ஓட்டறேங்க. இப்பவே மாட்டச் சொல்றேன். நாளைக்கே போகலாம். நீங்க பக்கத்துல உக்காந்து வாங்க."

"பக்கத்து சீட்டுலதான்டி முப்பத்தொரு வருஷம் உக்காந்தேன்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த டயரில் ஒன்றை எடுத்துக் கண்ணாடிக் கதவில் எறிந்திருந்தாலும், கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டு தாங்கியிருப்பாள். அவர் டயரைப் பத்திரமாகப் படுக்கவைத்து, கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, "முதலாளிகிட்ட சொல்லிடு. யாராவது அதுல போகட்டும்" என்றார்.

மூன்றாவது வாரத்தில், வெயில் குறையாத ஊர் எதற்கோ போகிற ஒருத்தர் அந்த நாலையும் வாங்கினார். எடையக்காதான் ஒவ்வொன்றாக இயந்திரத்தில் சுழலவிட்டாள். எடை சரி என்று முள் பூஜ்யத்தில் நின்றது. "எப்படியிருக்கும்க்கா இந்த டயர்?" என்று அவர் கேட்டார். "நல்ல டயர்" என்றாள். அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை.

அவள் செய்தது சரியா தப்பா என்று கடையில் இன்றைக்கும் பேசுகிறார்கள். ஒரு உயிராவது மிஞ்சியது என்கிறார்கள் சிலர். மிஞ்சியிருக்கலாம், யார் கண்டது? அந்த வீட்டில் மிஞ்சியது என்னவென்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வாத்தியாருக்குச் சுரங்கம் முழுவதும் அடைந்துகொண்டு வருகிறது. அவர் அவளோடு பேசுவதை நிறுத்தவில்லை, முகம் திருப்பவில்லை. ஆனால் "டீ சூடா இருக்குங்க" என்றால், விரல் நுனியை விட்டுப் பார்த்த பிறகே குடிக்கிறார். "மழை இல்லீங்க" என்றால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்க்கிறார். "மணி நாலு" என்றால், சற்று நேரம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மணி கேட்கிறார்.

சென்ற வாரம் இரண்டு பேரும் மருந்து வாங்கப் போனார்கள். கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம். எடையக்கா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ரோடு காலியாக இருந்தது.

"வண்டி எதுவும் வரல. வாங்க" என்று அவர் முழங்கையைப் பிடித்தாள்.

அவர் அசையவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார். பின்னால் யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டதும் அந்தப் பக்கம் திரும்பினார்.

"தம்பி, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. வண்டி ஏதாவது வருதா?"

அந்த ஆள் இவரைப் பார்த்தான், அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளைப் பார்த்தான். ஒன்றும் புரியாமல், "இல்லீங்க, ஒண்ணும் வரல" என்றான்.

"ரொம்ப நன்றிப்பா" என்று சொல்லிவிட்டு வாத்தியார் ரோட்டில் காலை வைத்தார்.