மறுபூஜையன்று ஓடிய பெட்டி

என் கணவர் போனபோது எனக்கு விட்டுப்போனவை ஒரு நிட்டிங் யூனிட், ஒரு மாமியார், பிறகு அறை முழுக்க ஒன்றோடொன்று சேராத பெட்டிகள். முதல் இரண்டையும் எப்படி நடத்துவது என்று எனக்குத் தெரியும். பெட்டிகளைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வரும்.

நல்லூரில் எங்கள் வீடும் யூனிட்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. முன்பக்கம் வட்டமாக நின்று துணி பின்னும் மெஷின்கள், பின்பக்கம் குடித்தனம், நடுவில் அவருடைய அறை. பகலெல்லாம் துணி ஓட்டுவார். கோயில் திருவிழாக் காலம் வந்தால் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு இன்னிசைக் குழுவோடு வெள்ளகோவில், குண்டடம் என்று கிளம்பிவிடுவார். பாட்டுக்குப் பாட்டு கிட்டாரின் குரல் மாற வேண்டும். ஒன்றுக்கு எதிரொலி வேண்டும், இன்னொன்றுக்குக் கரகரப்பு வேண்டும். அதற்குத்தான் காலடியில் வரிசையாகப் பெடல்கள். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் கிடைக்கிற மூச்சில் சிலதை அணைத்துச் சிலதைப் போட வேண்டும். மேடையில் அவர் அதைச் செய்வது சுடுமணலில் செருப்பில்லாமல் நிற்பவரைப் போலவே இருக்கும். நான் கீழே உட்கார்ந்து சிரிப்பேன்.

அந்தச் சிரிப்பு பொறுக்காமல்தான் ரேக் கட்டப் போகிறேன் என்று ஆரம்பித்தார். இரும்புச் சட்டத்தில் இழுப்பறைகள் போட்டு, பெடல்களையெல்லாம் அதற்குள் வைத்துவிட வேண்டும். காலடியில் ஒரே ஒரு பலகை, அதில் சில பொத்தான்கள். ஒன்றை மிதித்தால் உள்ளே இருப்பதெல்லாம் அந்தப் பாட்டுக்குத் தக்கபடி தானாக மாறிக்கொள்ளும். பலகையிலிருந்து ரேக்குக்கு ஓடுகிற ஒயரில் பாட்டுப் போகாது. மிடி என்கிற கட்டளை மட்டும் போகும். ‘ஐந்தாம் எண்’ என்று சொல்லும், அவ்வளவுதான். பெட்டிகள் அதைக் கேட்டு நடக்கும். இதை அவர் எனக்கு விளக்கியபோது, வீட்டில் யாராவது ஒருவர் சொல் பேச்சுக் கேட்டால் சரி என்றேன்.

பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ரேக் மட்டும் சேரவில்லை. ஒரு நாள் காலை டீ குடித்துவிட்டு நூல் மூட்டையின் மேல் உட்கார்ந்தவர், நெஞ்சைத் தடவிக்கொண்டு கொஞ்சம் சாய்ந்தார். பிறகு எழவில்லை.

குழுவில் கீபோர்டு வாசிப்பவர் துக்கம் கேட்க வந்தபோது அந்த அறையை எட்டிப் பார்த்தார். சில மாதம் கழித்து, அந்தச் சாமான்களைக் குழுவே எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். சரி என்றேன். ஆனால் உதிரியாகக் கொடுக்க மனம் வரவில்லை. என் கணவர் கட்ட நினைத்ததைக் கட்டித்தான் கொடுப்பேன் என்று எனக்குள் ஒரு வீம்பு வந்துவிட்டது. டிப்ளமோவில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் நான். மெஷினில் நூல் அறுந்தால் விளக்கு எரிகிற ஒயரிங்கை யூனிட்டில் நான்தான் பார்ப்பேன். இது என்ன பெரிய வித்தை என்று இறங்கினேன்.

இழுப்பறைகளை மாட்டி, ஒயர்களை வெட்டிச் சால்டர் வைத்து, கட்டளைப் பலகையை இணைத்து, ஒரு மத்தியானம் முதன்முறையாக மெயினைப் போட்டேன். விளக்குகள் எரிந்தன. எதிரொலிப் பெடலை மாற்றுவதற்கான பொத்தானை அழுத்தினேன். கிட்டார் வாசிக்க ஆரம்பித்தது.

கிட்டார் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. அதில் கம்பிகூடச் சரியாக இல்லை. ரேக்கோடு இணைத்திருந்த ஸ்பீக்கரிலிருந்து வந்த அந்தக் கை யாருடையது என்று எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. தாளத்தின் மூன்றாவது தட்டில் கொஞ்சம் பிந்துகிற கை. மெயினை அணைத்துவிட்டு வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். மெஷின் அருகே நின்றிருந்த பீகார்க்கார ஆபரேட்டர் என்னைப் பார்த்து, “அக்கா, உள்ள அண்ணா வாசிக்குது?” என்றான். இல்லை என்றேன். அவன் தலையாட்டினான், ஆனால் அதன் பிறகு அந்த அறை வழியாகக் கழிப்பறைக்குப் போகிறவன் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தான்.

கீபோர்டுக்காரரை போனில் கூப்பிட்டுக் கேட்டேன்.

“அது லூப்பருங்க அக்கா. வாசிச்சதப் பதிஞ்சு வெச்சுட்டு, நிறுத்தற வரைக்கும் திருப்பித் திருப்பிப் பாடும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனிச் சேனல் குடுக்கோணுங்க. இல்லீன்னா பக்கத்துப் பெட்டிக்குச் சொல்றதத் தனக்குச் சொன்னதா எடுத்துக்கும்.”

விளக்கம் கிடைத்தால் பயம் போய்விடும் என்பார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நானும் எனக்கே சொல்லிப் பார்த்தேன். போகவில்லை. சேனலை மாற்றுவது ஒரு நிமிட வேலை, அதையும் நான் செய்யவில்லை. யாருக்கோ சொன்னதைக் கேட்டு அது தானாக எழுந்திருக்கிறதே, எழுந்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காக எங்கள் பக்கம் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது. அன்றைக்குத் தெருவே வேறு மாதிரி ஆகிவிடும். வருஷக்கணக்காகக் காதில் ஓடிக்கொண்டே இருந்த மெஷின் சத்தம் நின்றால், யாரோ பக்கத்தில் வந்து நின்று மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது போலத் தோன்றும். ஆபரேட்டர்கள் லீவு. மாமியார் படுத்திருந்தார். இன்வெர்ட்டரில் ரேக்கைப் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு லூப்பரை முழுதாகக் கேட்பது என்று உட்கார்ந்தேன்.

முதலில் கிட்டார். அதன் அடியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மெஷினேதான். அந்தக் கிட்டாரில் கம்பியின் அதிர்வை வாங்கி ஒயருக்கு அனுப்புகிற பிக்கப் பழையது. பக்கத்தில் ஓடுகிற மோட்டாரின் இரைச்சலைக் கம்பியின் ஒலியோடு சேர்த்து வாங்கிக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஹெட்போனைக் கழற்றினேன். ஊரே செத்துக் கிடந்தது. எழுந்து போய் மெஷினின் உடம்பில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. திரும்பி வந்து ஹெட்போனை மாட்டினால், அதே மெஷின் உள்ளே ஓடுகிறது.

வாசிப்பு முடிகிற இடத்தில் ஒரு சின்ன அமைதி. பிறகு, மிக அருகில், வாயைக் கிட்டாருக்கு மேல் குனிந்து வைத்துப் பேசியது போல அவர் குரல்.

“வாரேன், வாரேன்.”

பிறகு மறுபடியும் முதலிலிருந்து கிட்டார்.

மெழுகு தளர்ந்த பழைய பிக்கப் கிட்டத்தில் பேசுகிற குரலையும் மைக் மாதிரி வாங்கிக்கொள்ளும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அதெல்லாம் நினைவில் இல்லை. அவருடைய போன் பூட்டு திறக்க முடியாமல் பீரோவில் கிடந்தது. கல்யாண வீடியோவில் நாதஸ்வரம்தான் கேட்கும். அவர் பேசியது உலகத்தில் மிச்சம் இருந்தது இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான். அந்த ‘வாரேன்’ எனக்குச் சொன்னது. சாப்பிடக் கூப்பிட்டு இலையில் சோறு ஆறிப்போகிற அளவுக்குக் காத்திருப்பது என் அன்றாட வேலை. சமையலறையிலிருந்து நான் கத்திய கத்தல் கிட்டாருக்கு எட்டவில்லை. பதில் மட்டும் இருக்கிறது. நான் இல்லை.

அதற்குப் பிறகு தினமும் கேட்டேன். மாமியாரிடம் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை என்பது பொய், சொல்ல மனமில்லை. பெற்றவர் அவர், மகன் குழந்தையாக இருந்ததிலிருந்து அவரிடம் எத்தனையோ இருக்கும். எனக்கு இது ஒன்று.

துக்கம் நடந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது. திதி முடிந்து வந்த முதல் ஆயுத பூஜைக்கு மெஷின்களையெல்லாம் துடைத்து வைத்தோம். தாலி இல்லாத இரண்டு பெண்களில் யார் மெஷினுக்குப் பொட்டு வைப்பது என்று பேச்சு எழுவதற்கு முன் நானே சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். மாமியார் என் கையைப் பார்த்தார். மெஷின்கள், தராசு, தையல் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றுக்கும் வைத்தேன். ரேக்குக்கும் ஒவ்வொரு இழுப்பறையாக இழுத்து வைத்தேன். பூஜை போட்ட பிறகு எதையும் ஓட்டக்கூடாது. மறுநாள் காலை மறுபூஜை முடிந்து, எல்லாவற்றையும் ஒரு தடவை ஓட்டிவிட்டுத்தான் வேலை. இதில் என் மாமியார் கறார். மிக்சியிலிருந்து தண்ணீர் மோட்டார்வரை ஒன்று விடாமல் ஓட வேண்டும். “அன்னைக்கு ஓடாதது வருசம் பூராம் ஓடாது கண்ணு” என்பார்.

விஜயதசமி நல்ல நாள் என்று அன்றைக்கே ரேக்கை எடுத்துப்போகக் கீபோர்டுக்காரர் வருவதாக இருந்தது. லூப்பரைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுப்பது என்பது என் ஏற்பாடு. கற்பூரம் காட்டியதும் அறையில் மெயினைப் போட்டு, புதுக் கம்பி மாட்டிய கிட்டாரையும் ரேக்கில் சொருகிச் சாய்த்து வைத்துவிட்டு, முன்பக்கம் மெஷின்களை ஓட்டப் போனேன்.

என் மாமியார் அந்த அறைக்குள் போனதை நான் பார்க்கவில்லை. ரேக்கும் மெஷின்தானே, அதையும் ஓட்ட வேண்டாமா என்று போயிருக்கிறார். பொட்டு வைத்ததைக் காலால் மிதிப்பது பாவம் என்று கீழே உட்கார்ந்து, இழுப்பறை இழுப்பறையாக இழுத்து ஒவ்வொரு பெடலையும் கையால் ஒரு தடவை அழுத்தியிருக்கிறார்.

மெஷின் சத்தத்துக்கு மேலே கிட்டார் கேட்டது. ஆபரேட்டர் கையிலிருந்த நூல் கோனை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் ஓடினேன்.

மாமியார் கிட்டாருக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். தலை அதன் மேல் முட்டிக்கொண்டிருந்தது. கை லூப்பரின் மேல் இருந்தது. ஸ்பீக்கரில் என் கணவர் ‘வாரேன், வாரேன்’ என்று சொல்லி முடித்திருந்தார். மாமியார் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

“எங்க சாமி இருக்கற. சோறு ஆறுதல்லோ. வா கண்ணு.”

லூப்பரில் சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் அழுத்தலில் அது பாடும். குரலைக் கேட்டுப் பதறி இன்னொரு தடவை அழுத்தியிருக்கிறார். இரண்டாவது அழுத்தலில், பாடிக்கொண்டே மேலே பதிய ஆரம்பிக்கும். நான் அவர் கையை விலக்கிச் சுவிட்சை அழுத்தினேன். விளக்கு பச்சையானது. பதிவு நின்றுவிட்டது, பாட்டு நிற்கவில்லை. கிட்டார் மறுபடி முதலிலிருந்து வந்தது, அதோடு சேர்ந்து ஸ்பீக்கரில் மாமியாரின் குரலும்.

“எங்க சாமி இருக்கற. சோறு ஆறுதல்லோ. வா கண்ணு.”

“வாரேன், வாரேன்.”

இது ஒரு வட்டம், வட்டத்தில் எங்கே கூப்பிட்டாலும் அதற்குப் பின்னால்தான் பதில் வரும் என்று என் படிப்பு எனக்குச் சொன்னது. மறு சுற்று வந்தது. அம்மா கூப்பிட்டார், மகன் வாரேன் என்றார்.

“கேட்டியா கண்ணு?” என்றார் மாமியார்.

அந்த லூப்பரில் சுவிட்சை விடாமல் பிடித்தால், கடைசியாகச் சேர்ந்தது மட்டும் கழன்றுவிடும். பழையது அப்படியே நிற்கும். கரண்டை அணைத்துவிட்டால் அதுவும் முடியாது, இருக்கிறபடியே தங்கிவிடும். என் கட்டைவிரல் சுவிட்சின் மேல் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அது என்னுடையது. நான் கூப்பிட்டதற்கு வந்தது. என் குரல் இல்லாத அந்த இடத்தை நான் எவருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன், அதில் இவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

“ஏங்கண்ணு, எனக்குத்தான சொல்றான்?”

அவர் முகத்தைப் பார்த்தேன். மகன் போன நாளிலிருந்து அந்த முகத்தில் எதையும் நான் பார்த்ததில்லை.

“உங்களுக்குத்தானுங்கத்தை” என்றேன்.

விரலை எடுத்துவிட்டு மெயினை அணைத்தேன்.

கீபோர்டுக்காரர் சாயங்காலம் வந்து ரேக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். லூப்பர் இருந்த இழுப்பறை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு அதை உள்ளே தள்ளி மூடினார். விளக்கு வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். மாமியார் இலை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, நடுவில் ஒன்று. தண்ணீர் தெளித்துத் துடைத்தார். சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“சாப்பிடலாங்களா அத்தை?”

“இரு கண்ணு. வாரேன்னு சொன்னானல்லோ” என்றார்.

நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.