கண்ணாடிக்குக் காட்டும் கவனம்

இந்த நாட்டில் பூச்சிமருந்துப் போத்தலைத் திறக்க எனக்கு இரண்டு சோடிக் கையுறை வேண்டும், கண்ணுக்குக் கவசம் வேண்டும், நச்சுக்காற்றை உறிஞ்சும் பெட்டி வேண்டும். தொடப்போவதோ ஒரு சொட்டு. ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருஷமாகியும் இது எனக்குப் பழகவில்லை. இலங்கையில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் என் அண்ணன் சந்திரன் இதே மருந்தை முதுகில் டேங்க் கட்டிக்கொண்டு அடித்தார். மூக்கைச் சுற்றி ஒரு பழைய சேலைத்துண்டு, அவ்வளவுதான். டேங்க் ஒழுகி ஒழுகித் தோல் வெந்தது. இப்போது லயத்து வீட்டுப் படியில் ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

நான் இருப்பது துறைமுகத்துக்கு வரும் உணவைச் சோதிக்கும் ஒரு லாப்பில். தேயிலைச் சாற்றை ஆவியாக்கி, பொடி அடைத்த கண்ணாடிச் சுருள்குழாய்க்குள் வாயுவோடு செலுத்துவோம். ஒவ்வொரு பொருளும் அதனதன் நேரத்தில் வெளியே வரும். மருந்து இருந்தால் திரையில் கோடு முனையாக எழும். இப்போது மயிரளவு மெல்லிய குழாய்கள் வந்துவிட்டன. ஒரு பழைய எந்திரத்துக்கு மட்டும் கண்ணாடிக் குழாயில் பொடியை இன்னும் நான்தான் அடைக்கிறேன், இடைவெளி விழாமல் மெதுவாகத் தட்டித் தட்டி. ஏன் கண்ணாடி என்று வந்த புதிதில் கேட்டேன். "சூடான உலோகம் பட்டால் மருந்து சிதைந்துவிடும்," என்றார் மேலாளர் மார்ட்டின். மருந்துக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதாம்!

போன மாதம் எங்கள் மலைநாட்டுத் தேயிலை வந்தது. முனை அனுமதித்த எல்லையைத் தாண்டி எழுந்தது. திரும்பவும் ஓட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை.

"நல்ல வேளை, கடைக்குப் போகுமுன் பிடித்துவிட்டோம், யாருக்கும் பாதிப்பில்லை," என்றார் மார்ட்டின்.

"என் அண்ணனுக்குப் பாதிப்பு இருக்கிறது."

அவர் பதறிப்போனார். "அப்படியா? நிறையத் தேநீர் குடிப்பாரா?"

கையில் அடைத்துக்கொண்டிருந்த கண்ணாடிக் குழாயைத் தரையில் அடித்து உடைக்கத் தோன்றியது. குடித்ததால் இல்லை, மருந்து அடித்ததால் என்று என் அரைகுறை ஜெர்மனில் விளக்கினேன். வருத்தத்தோடு தலையாட்டிவிட்டு, "அது நம் அறிக்கையில் வராதே," என்றார்.

இடைவேளையில் அண்ணனை வீடியோவில் அழைத்தேன். "அண்ணே, நம்ம பக்கத்துத் தேயிலைல மருந்து கூடிப்போச்சு. திருப்பி அனுப்பப்போறாங்க."

"ஐயோ, பாஸ் பண்ணிவிடு தங்கச்சி. தேயிலை விக்கலன்னா இங்க வேலை நாளத்தான் வெட்டுவாங்க. ஒங்க அண்ணி கொழுந்தெடுத்துத்தான் அடுப்பு எரியுது."

"குடிக்கிறவங்களுக்கு வெஷம் போகலாமாண்ணே?"

"நாங்க மூச்சுல இழுத்தப்ப யாரு கேட்டா?"

போனை வைத்துவிட்டு அறிக்கையை எடுத்தேன். உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் எழுதியிருந்தால் அந்த மருந்தை அடிக்கச் சொன்னவர்களுக்குத்தான் துணைபோயிருப்பேன். ஆனாலும் கோப்பைக்கு எல்லை வகுக்கத் தெரிந்தவர்களுக்கு முதுகுக்கு வகுக்கத் தெரியாதா?

அடுத்த வாரம் அண்ணனே வீடியோவில் அழைத்தார். அண்ணிக்கு வேலை நாள் குறைந்துவிட்டதாம். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. "ஒங்க நாட்டுக்காரங்க கவனமாத்தான் குடிக்கிறாங்க," என்றார்.

எது என் நாடு என்று கேட்க வாயெடுத்தேன். அவருக்கு இருமல் வந்து, போனை வெளியே திருப்பிப் பிடித்தார். திரை முழுக்க, கொழுந்து முற்றி நிற்கும், ஆளில்லாத மலை. அதன் மூலையில் நகத்தளவு சதுரத்தில் லாப்பின் வெள்ளை அங்கியோடு நான்.