ஷமீம் டீச்சரின் மைனஸ் சம்பளம்

எண்பதுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலையில் ஒரு வீட்டுக்கடன் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்த என்னைக் கடன் மனுக்களைச் சரிபார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். அன்று மாலையே சிவப்பு மைப் பேனா ஒன்று வாங்கிவிட்டேன்.

எனக்கு வந்த முதல் மனு ஷமீம் டீச்சருடையது. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வாடகை வீட்டை லாட்ஜ் ஆக்கப்போவதாகவும், அடுத்த கார்த்திகை தீபத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்றும் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அம்மாவும் இரண்டு தங்கைகளும் டீச்சரின் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள்.

'வேறு கடன்கள்' என்ற இடத்தில் எங்கள் ஊரில் எல்லோரும் 'இல்லை' என்றுதான் எழுதுவார்கள். எழுதிய கையோடு அடகுக் கடைக்குப் போகிறவர்களும் உண்டு. டீச்சர் மட்டும், காலேஜ் படிக்க அரசாங்கத்தில் வாங்கிய கடனில் ஆயிரத்து எண்ணூறு பாக்கி, மாதத் தவணை முப்பது ரூபாய் என்று முத்துமுத்தாக எழுதியிருந்தார்.

சம்பளத்தில் கழித்துப் பார்த்தேன். மைனஸில் வந்தது. அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பாவம், இவ்வளவு கஷ்டமா என்று வருத்தப்பட்டுக்கொண்டே 'தகுதி இல்லை' என்று எழுதினேன்.

எங்கள் செயலாளர் இரக்கமுள்ளவர். டீச்சரைக் கூப்பிட்டு, "படிப்புக் கடனை எடுத்துட்டு வேற ஃபாரம் எழுதிக் குடுங்கம்மா. யாரும் போய்ப் பார்க்கப் போறதில்ல" என்றார்.

"காப்பி அடிக்கிற பொண்ணுங்களை வெளிய நிக்க வைக்கிறேன் சார். என்னால முடியாதுங்க" என்றார் டீச்சர். பிறகு, நான் போட்ட கணக்கைப் பார்க்கலாமா என்று கேட்டார்.

பார்த்தார். பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டார்.

"மாசத் தவணையைத்தானே சார் கழிக்கணும்? மொத்த பாக்கியையும் ஒரே மாசத்துல கட்ட வச்சிட்டீங்களே."

செயலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

சரியாகப் போட்டபோதும், கேட்ட தொகைக்குக் கொஞ்சம் கம்மியாகத்தான் வந்தது. டீச்சர் வீட்டு பிளானை வாங்கி, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, முன் அறையைக் கோடு போட்டு அடித்தார். படிப்புக் கடன் முடிந்ததும் அதைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னார்.

தீபத்துக்கு முன்பே புது வீட்டுக்குக் குடிபோனார்கள். என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். "நம்ம லோன் சார். நல்லவரு, கழித்தல்தான் கொஞ்சம் வீக்" என்று தங்கைகளிடம் அறிமுகப்படுத்தினார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மனு கொடுத்தவரை எதிரே உட்காரவைத்து, அவர் கண்ணெதிரிலேயே கணக்குப் போடுங்கள். நான் அன்றைக்கு டீச்சரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அவர் நின்றுகொண்டேதான் என் தப்பைத் திருத்தினார்.