உள்ளங்கையில் காந்தம்

எனக்கு முதல் வலிப்பு வந்தபோது என் மகள் யாழினி இடுப்பில் இருந்தாள். நான் கண் திறந்தபோது அவள் தரையில் கிடந்து வீறிட்டுக்கொண்டிருந்தாள். பெரிய அடி இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து வீட்டில் யாரும் அவளை என்னிடம் தனியாக விடுவதில்லை. விடச் சொல்ல எனக்கும் தைரியம் இல்லை.

மாத்திரைகளை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். எதற்கும் அடங்கவில்லை. கடைசியில் சென்னையில் என் நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவியை வைத்தார்கள். அதன் கம்பி வேகஸ் நரம்பை (கழுத்து வழியாக மூளையோடு இணையும் நரம்பு) சுற்றியிருக்கிறது.

"வலிப்புன்னா மூளை செல்லுங்க ஒரே நேரத்துல கிளம்பிடுது. உங்க ஊரு பௌர்ணமி கூட்டம் ஒரே சந்துல நெருக்குற மாதிரி. இந்தக் கரண்ட் அப்பப்ப போயி கலைச்சு விடும்" என்றார் மருத்துவர்.

"நின்னுடுங்களா டாக்டர்?"

"கம்மியாகும்."

கூடவே ஒரு காந்தம் கொடுத்தார். வலிப்பு தொடங்கினால் அதைக் கருவியின் மேல் ஒருமுறை தடவி எடுக்க வேண்டும். கூடுதலாக ஒருமுறை கரண்ட் போகும்.

ஒரு பௌர்ணமியன்று கிரிவலம் போகையில் அடி அண்ணாமலையில் வலிப்பு வந்து விழுந்தேன். எனக்கு நினைவில்லை, கணவர் செந்தில் சொன்னதுதான். கூட்டத்தில் "இரும்பு குடுங்க, இரும்பு!" என்று கத்தியிருக்கிறார்கள். மாமியார் பதற்றத்தில் காந்தத்தை என் உள்ளங்கையில் திணித்து, விரல்களை இறுக மூடிப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் வாங்கப் போயிருந்த செந்தில் ஓடி வந்து பிடுங்கித் தடவுவதற்குள் வெகுநேரம் ஆகிவிட்டது.

"கையில இல்லம்மா, நெஞ்சுல" என்றார் மருத்துவர், அடுத்த முறை போனபோது மாமியாரிடம்.

"அதுவும் இரும்புதானுங்களே? கையிலதான குடுப்பாங்க?" என்றார் மாமியார்.

மருத்துவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆள் பக்கத்தில் இருக்கும்போதே இப்படி என்றால், குழந்தையோடு தனியாக இருந்தால்? உங்கள் வீட்டிலும் இந்தக் கருவி இருந்தால், காந்தத்தை எங்கே தடவுவதென்று எல்லாருக்கும் செய்து காட்டுங்கள்.

இப்போது வலிப்பு குறைந்திருக்கிறது. போன வாரம் மாமியார், "பாப்பாவப் பாத்துக்கம்மா, கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று தானாகவே கிளம்பிவிட்டார்.

அடுப்பை அணைத்தேன். கட்டிலை விட்டுத் தரையில் உட்கார்ந்து, யாழினியை மடியில் வைத்துக் கதை சொன்னேன். பாதியில் குரல் கரகரத்தது. கருவி வேலை செய்யும்போதெல்லாம் அப்படித்தான் ஆகும், அரை நிமிடத்தில் சரியாகிவிடும். ஆனால் வலிப்பு வருமுன்பும் எனக்குத் தொண்டைதான் இறுகும். இது மருத்துவர் வைத்த கரண்டா, என் மூளையின் கரண்டா என்று அந்த நேரத்தில் தெரியாது. என் பொழுதெல்லாம் இப்படித் துண்டு துண்டாகக் காத்திருப்பதிலேயே போகிறது.

அவளை மெல்லப் பாயில் இறக்கிவிட்டேன். அவள் அழவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டையைச் செருமினேன்.

"குரல் வந்துடுச்சாம்மா? மீதி சொல்லு" என்றாள்.