ஆணியை ஏற்றியது யார்?

போன மாசம் என் வீட்டில் ஓர் அநியாயம் நடந்தது. தினசரி காலண்டர் மாட்டியிருக்கும் ஆணியை யாரோ மேலே ஏற்றிவிட்டார்கள். காலையில் எழுந்ததும் தேதி கிழிப்பது என் வேலை... கை எட்டவில்லை.

வேறு யாரைப் பிடிப்பது? மருமகள் செல்வியைப் பிடித்தேன்.

"நான் ஏன் அத்தை ஏத்தப் போறேன்? ஆணி அங்கதான் கீது. நீங்கதான் எறங்கிட்டீங்க."

திமிரைப் பாருங்கள். ஆனால் என் சேலை தரையைக் கூட்டிக்கொண்டு வருவதையும் அவள்தான் காட்டினாள். மகன் மூர்த்தி என்னை ஸ்கூட்டரில் ஏற்றி, தி.நகரில் ஓர் எலும்பு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனான்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகெலும்பில் இரண்டு எலும்பு நசுங்கியிருக்கிறதாம். சத்தமே போடாமல்.

"எலும்புக்குள்ள இட்லி மாதிரி ஓட்டை ஓட்டையாத்தான் இருக்கும், பாட்டிம்மா. வயசாக ஆக ஓட்டை பெருசாகும். மாதவிலக்கு நின்னப்புறம் பொம்பளைங்களுக்கு இன்னும் வேகமா ஆகும்."

அந்தத் தொல்லை ஒழிந்த அன்று நான் பாயசம் வைக்காத குறை. போகிற போக்கில் என் சுண்ணாம்புச் சத்தையும் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

டாக்டரம்மா நிறையச் சொன்னார். மாத்திரை, பால், கேழ்வரகு, கீரை... மூர்த்தி காதில் ஏறியது ஒன்றே ஒன்று — "விழுந்துடாம பாத்துக்கோங்க."

மறுநாளே என் செருப்பைக் காணோம். குளக்கரை வரை நடந்துபோய், கீரைக்காரி முனியம்மாவோடு சண்டை போடாவிட்டால் எனக்கு அது ஒரு நாளா? மூர்த்தி வாசலில் நாற்காலி போட்டான்.

"யம்மா, நீ சும்மா குந்திக்கினு இரு. எலும்பு உளுத்துப் போய் கீது."

உளுத்தது எலும்பா, நானா? பீரோவுக்குக்கூட இந்த வீட்டில் இவ்வளவு காவல் கிடையாது. ஒரு வாரம் உட்கார்ந்தேன். எழுந்தால் கால் கெஞ்சியது.

அடுத்த தடவை டாக்டரம்மாவிடம் போனபோது, மூர்த்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"இனிமே நான் வெளிய போவக்கூடாதா, டாக்டரம்மா?"

"யார் சொன்னது? உக்காந்தே இருந்தா எலும்பு இன்னும் சீக்கிரம் கரையும். காலை வெயில்ல நடங்க. குனிஞ்சு குடம் தூக்காதீங்க. வழுக்காத செருப்பா போட்டுக்கோங்க."

"செருப்பா? அது எங்க வூட்ல யார்கிட்ட கீதுன்னு தெரியலியே."

மூர்த்தி ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை குளக்கரையில் முனியம்மா கேட்டாள்: "இன்னா ஆயா, குள்ளமாயிட்ட?"

"ஒன் கீரைக்கட்டு மாதிரிதான்டி."

வீட்டுக்கு வந்தால் மூர்த்தி காலண்டர் பக்கத்தில் நிற்கிறான். "நான் தேதி கிழிச்சுத் தரேம்மா."

என் தேதியை இவன் ஏன் கிழிக்கணும்? சுத்தியலை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

போன உயரம் திரும்பி வராதாம். சரி, வரவேண்டாம்... ஆணி இறங்கி வரட்டும்.