அத்தையின் கைப்பையில் இருந்த துண்டு

ஏழாம் மாதம் வளைகாப்புக்கு நாள் குறித்தபோது எனக்கு இருந்த ஒரே கவலை, சிரித்துவிடக் கூடாது என்பதுதான். ஐந்தாம் மாதத்திலிருந்து தும்மினால், இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிந்துகொண்டிருந்தது. கணவரிடம் சொல்லவில்லை. கிளினிக்கில் எடை பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள்; இதை யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. வேலை பார்த்த வக்கீல் அலுவலகத்துக்குக் கறுப்பு உடைகளாகப் போட்டுக்கொண்டு போனேன். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். யாராவது வேடிக்கை பேசினால் முகத்தை இறுக்கிக்கொண்டேன். மாசமானதும் இவளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

வளைகாப்பு ரெம்பியாவில், அத்தை வீட்டு வாசலில். அத்தை என்றால் என் மாமியார். எங்களுக்குள் சண்டை கிடையாது, பெரிய ஒட்டுதலும் கிடையாது. தங்கா பத்துவில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சோபாவில் விரித்து, அதன்மேல்தான் உட்காருவார். நானோ தூசி கண்ணில் பட்டால் தூக்கம் வராதவள். அந்தத் துண்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விசேஷ வீடுகளில் அவர் உட்காரவே மாட்டார். பரிமாறிக்கொண்டே நிற்பார். என்ன சுறுசுறுப்பு என்று எல்லாரும் புகழ்வார்கள்.

மாசமான பெண்ணைச் சிரிக்க வைப்பதை எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒரு கடமையாகவே எடுத்துக்கொள்வார்கள். வளையல் போடுகிறவர்கள் ஆளுக்கொரு கிண்டல் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். இதற்காகவே காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். ஆனால் வெயிலைக் காரணம் காட்டி, ரோஜா சிரப்பை இரண்டு கிளாஸ் கையில் திணித்துவிட்டார்கள். பட்டுப்புடவையில், மெத்தை போட்ட நாற்காலியில், கன்னம் நிறையச் சந்தனத்தோடு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெம்பானிலிருந்து வந்த பெரியம்மா முறை ஒருவர் வளையலோடு என் வீங்கிய கையைப் பிடித்தார். அது ஏறவில்லை.

"கையா இது, மரவள்ளிக்கெழங்கு! சவுக்காரம் கொண்டாங்கடி!" என்றார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்து, "சிரி லா. வயித்துல இருக்கிறது பிள்ளையா, ஹெட்மாஸ்டரா?"

சிரித்துவிட்டேன். அன்றைக்குப் போனது வெறும் கசிவு இல்லை. மெத்தை நனைந்து, நாற்காலிக் கால் வழியாகத் தரையில் ஓடியது. எதிரே நாலைந்து பேர் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ, பனிக்குடம் ஒடஞ்சிருச்சு!" என்று யாரோ கத்தினார்.

பனிக்குடம் உடைவதற்கு ஒரு மரியாதை உண்டு. மற்றதற்குக் கிடையாது. நான் மறுத்துப் பேசவில்லை.

கணவர் காடியை ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினார். நான் ஏறுவதற்குள் அத்தை கைப்பையைத் திறந்து, அந்தத் துண்டைப் பின் இருக்கையில் விரித்தார். விரித்த வேகத்தில் பழக்கம் தெரிந்தது. அப்போது நான் அதை யோசிக்கவில்லை. வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாரியாத்தா, ஏழு மாசந்தான் ஆகுது, பிள்ளையக் காப்பாத்திக் குடு, மொட்டை போட்டுக்கிறேன்" என்று அழுதுகொண்டே வந்தார். (பிள்ளை நிறைமாதத்தில்தான் பிறந்தது. அவர் மொட்டையும் போட்டுக்கொண்டார்.) கணவருடைய கழுத்தெல்லாம் வியர்வை. உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் உயிர் வந்திருக்கும். வெட்கம் என் வாயைக் கட்டிப்போட்டிருந்தது.

மருத்துவமனையில் கணவரை வெளியே நிறுத்திவிட்டு, திரையை இழுத்துவிட்டார்கள். அத்தை என் தலைமாட்டில் நின்றார். தமிழ் மிஸ்ஸி ஒருவர் வந்தார். இங்கே தாதியை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"எப்போ ஒடஞ்சிச்சு? டாக்டர் வர்றாங்க. இப்பவே பொறக்கிற மாதிரி இருந்தா, பிள்ளையோட நுரையீரலுக்காக ஒங்களுக்கு ஊசி போடணும்."

ஊசி என்றதும் பயம் வெட்கத்தை முந்திக்கொண்டது.

"மிஸ்ஸி, அது பனிக்குடத் தண்ணி இல்ல, மூத்திரம். சிரிச்சேன், போயிருச்சு. ரெண்டு மாசமா இப்படித்தான்."

அத்தை பக்கம் நான் திரும்பவில்லை. டாக்டர் வந்து சோதித்துப் பார்த்து, பனிக்குடம் பத்திரமாக இருக்கிறது என்றார். மிஸ்ஸி சாதாரணமாகப் பேசினார்.

"நெறைய பேருக்கு வருதுமா, யாரும் சொல்றதில்ல. சுமை கூடக் கூடக் கீழ இடுப்புத் தசை தளர்ந்துபோகும். மூத்திரத்த அடக்குற மாதிரி அந்தத் தசைய மேல இழுத்துப் பிடிச்சு, மெல்ல விடுங்க. தெனமும் செய்யணும். பயிற்சி சொல்லித்தர்றவங்களுக்குச் சீட்டு எழுதித் தர்றேன், போய்ப் பாருங்க. தண்ணி குடிக்காம மட்டும் இருக்காதீங்க, கிருமி வந்துரும்."

நான் தலையாட்டினேன். மிஸ்ஸி திரும்பிப் போகப் பார்த்தார்.

"மிஸ்ஸி" என்றார் அத்தை. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "இது மாசமா இருக்கிறவங்களுக்கு மட்டுந்தானா? கடைசிப் பிள்ளை பெத்து முப்பது வருஷமாச்சு. இப்ப செஞ்சா கேக்குமா?"

"செய்யலாம்மா. நீங்களும் ஒரு தடவ வந்து காட்டுங்க."

நனைந்த துண்டு மடித்தபடி அத்தையின் கையில் இருந்தது. எனக்கு எங்கள் வீட்டுச் சோபா நினைவுக்கு வந்தது. கல்யாண வீடுகளில் சுவரோரமாக அவர் நின்ற நிற்பும் நினைவுக்கு வந்தது.

மிஸ்ஸி போனதும் அத்தை என் புடவைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டார்.

"வெளிய நிக்கிற தம்பிகிட்ட ஒன்னோடத சொல்லிக்க. என்னோடத சொல்லாத. ஒங்க மாமா சாகுற வரைக்கும் அவருக்கே தெரியாது."

திரையை விலக்கிக் கணவர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் பயமில்லை என்றேன், தண்ணீர் வாங்கி வரச் சொன்னேன். பெரிய பாட்டிலாக வாங்கி வந்தார். பாதியைக் குடித்துவிட்டு மீதியை அத்தையிடம் நீட்டினேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு கட்டிலில், என் பக்கத்தில், ஒன்றும் விரிக்காமல் உட்கார்ந்து குடித்தார்.